நடுவில் எட்டடி

அவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. ஆனாலும் இந்தப் பக்கத்தில் நூறு வீடுகளிலாவது மின்பெட்டியின் மூடியைத் திறந்தால், அதன் உட்புறத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. தச்சர்கள் காதில் செருகிக்கொள்கிற தட்டைப் பென்சிலால், ஒன்றன் கீழ் ஒன்றாக, நிமிர்ந்த எழுத்துகள்: ஹால் 1½. படுக்கையறை 1½. தண்ணீர் மோட்டார் 2½. சமையலறை 4. சுவருக்குள் போகிற ஒயரின் தடிமன் அது, சதுர மில்லிமீட்டர் கணக்கில். பூசி வெள்ளையடித்த பிறகு உள்ளே என்ன ஓடுகிறது என்று சுவர் சொல்லாது. போட்டவன்தான் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் கட்சி. பிறகு வருகிற எந்த எலக்ட்ரீஷியனும் முதலில் அந்த மூடியைத்தான் திருப்பிப் பார்ப்பார். பென்சில் எழுத்து இருந்தால் நிம்மதியாக வேலையை ஆரம்பித்துவிடுவார்.

பத்தாதுக்காரர் என்று அவருக்குப் பட்டப்பெயர். யார் எந்த ஒயரைக் காட்டி "இது போதுமா?" என்று கேட்டாலும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "பத்தாது" என்பார். முடிதிருத்தும் கடையில் போய் உட்கார்ந்தால்கூடக் கடைக்காரர், "இந்தத் தலைக்கு என் கத்தரி போதுமா, பத்தாதா?" என்று கேட்பார். அந்தத் தலையில் அப்போதே பாதி இடம் காலி. "கத்தரி போதும். முடிதான் பத்தாது" என்று அவரும் கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார்.

புதிதாக மின்சார அடுப்போ ஓவனோ வாங்கிய வீட்டிலிருந்து கூப்பிட்டால், அவர் நேராக மின்பெட்டிக்குப் போக மாட்டார். சமையலறையில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"காலையில என்ன செய்வீங்கன்னு முதல்ல சொல்லுங்க."

"கரண்டைப் பத்திக் கேளுங்கன்னா சமையலைப் பத்திக் கேக்குறீங்களே?" என்றார் ஒருமுறை ஒரு வங்கி ஊழியரின் மனைவி.

"அதேதாம்மா இது. ஓவன் ஓடும்போது கெட்டில்ல தண்ணி கொதிக்குமா? அப்ப அடுப்பு எரியுமா?"

"ஏழு மணிக்கு எல்லாந்தான் ஓடும். நாலு பேரு கிளம்பணுமே. மூணையும் போட்டா அந்தக் குட்டி சுவிட்ச் பொத்துன்னு விழுந்துடுது. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். பெரிசா ஒண்ணு மாட்டிட்டா விழாதுல்ல?"

அந்தக் குட்டி சுவிட்சுக்கு எம்சிபி என்று பெயர். அளவுக்கு மேல் மின்சாரம் போனால் தானாகவே விழுந்து லைனைத் துண்டித்துவிடும்.

"விழாது" என்றார் அவர். "அது விழலேன்னா, ஒருநாள் நீங்க சுவரைத் தொட்டுட்டு கையை உதறுவீங்க. அந்த சுவிட்ச் உங்க ஓவனைக் காப்பாத்த வச்சது இல்லம்மா. சுவருக்குள்ள இருக்கே ஒயர், அதைக் காப்பாத்த வச்சது. ஒயர் மெலிசா இருக்கும்போது சுவிட்சைப் பெரிசாக்கினா, காவல்காரனுக்குத் தூக்க மாத்திரை குடுத்த மாதிரி."

பிறகு ஒரு பழைய அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஓவன் இரண்டாயிரம் வாட், அடுப்பு இரண்டாயிரம், கெட்டில் ஆயிரத்து ஐந்நூறு. மொத்தத்தை இருநூற்று முப்பது வோல்ட்டால் வகுத்தால் இருபத்து நாலு ஆம்ஸ். அந்த வீட்டு ஒயர் இரண்டரை; அதற்குப் பதினாறு ஆம்ஸ் எம்சிபி சரியாகத்தான் போட்டிருந்தது. ஆகவே ஓவனுக்குத் தனி லைன் இழுக்க வேண்டும். முதலில் சமையல் இழுக்கிற ஆம்ஸ், அதற்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு எம்சிபி, அதற்கும் மேலே ஒயர் தாங்குகிற அளவு. மேலே இருக்கிறது கீழே வந்தால் வம்பு. இதைத்தான் அவர் முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொந்த வீட்டில் குளியலறை விளக்கு மூன்று வருஷம் ஒயரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது வேறு விஷயம். அதைப் பற்றி அவர் மனைவிதான் சொல்ல வேண்டும். சொல்லவும் சொல்வார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம்.

இவ்வளவு கறாரான மனிதரின் கையெழுத்து ஒரே ஒரு வீட்டில் பொய் சொல்லியது. அது அவருடைய தங்கையின் வீடு.

அந்த வீடு கட்டும்போது அவருக்கு முப்பத்தேழு வயது. தங்கைக்கு இருபத்தாறு. அவள்தான் முதலில் சொன்னாள், "அண்ணா, என்னிக்காவது ஒருநாள் பெரிய ஓவன் வாங்குவேன். அதுக்குத் தக்கபடி போட்டுடு." அதற்காகவே சமையலறைக்கு மட்டும் நாலு ஒயர் என்று முடிவு செய்தார். அந்தக் காலத்தில் எழுதிவிட்டுத்தான் ஒயர் இழுப்பார். காலையில் மின்பெட்டி மூடியின் உள்ளே 'சமையலறை 4' என்று எழுதினார். பெட்டியிலிருந்து ஒயரை இழுத்துக்கொண்டு வந்தார். சாயங்காலம் சமையலறை வாசலுக்கு மேலே வரும்போது ஒயர் தீர்ந்துவிட்டது. ஓவன் பிளக் வரப்போகிற இடத்திலிருந்து எதிர்ப்பக்கமாகவும் கொஞ்சம் இழுத்து வைத்திருந்தார். வாசலுக்கு மேலே இரண்டு இணைப்புப் பெட்டிகள். அவற்றுக்கு நடுவில் எட்டடி காலி.

ஏணியில் நின்றுகொண்டு யோசிக்கும்போதுதான் அப்பா படுத்திருந்த மருத்துவமனையிலிருந்து ஆள் வந்தது. அப்பா கூப்பிடுகிறார், உடனே வரச் சொன்னார்கள். கீழே கொத்தனார் கலவையைக் குழைத்து வைத்துக்கொண்டு, "அந்த ஒரு துண்டு பூசிட்டா நானும் கிளம்பிடுவேன்" என்று நின்றார். ஹால் விளக்குக்குப் போட்டு மிஞ்சிய ஒன்றரை ஒயர் இவர் தோளில் சுருளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதையே வெட்டி, அந்த எட்டடியில் செருகி, இரண்டு முனையிலும் முறுக்கி, டேப் சுற்றினார். நாளைக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம். கொத்தனாரிடம் பெட்டிகளை மூடாதே என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தபடியே ஏணியை விட்டு இறங்கினார். நினைத்தார், சொல்லவில்லை.

அப்பா அதற்கு அடுத்த நாள் விடியற்காலையில் போய்விட்டார். இவர் திரும்பி வந்தபோது வாசலுக்கு மேலே பூசி, காய்ந்து, முதல் பூச்சு வெள்ளையும் அடித்திருந்தது. எங்கே பெட்டி இருந்தது என்றுகூடத் தெரியவில்லை. உடைக்கத்தான் வேண்டும் என்று உளியை எடுத்துக்கொண்டு போனார். அழுது வீங்கிய கண்ணோடு தங்கை அந்தச் சமையலறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா பாக்கலியேண்ணா. 'உங்க பையன்தான் எனக்கு முழு வீட்டுக்கும் ஒயரிங் பண்ணினான்'னு சொல்லிக்கிட்டே சுத்திக் காட்டணும்னு இருந்தேன்."

உளி பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

அன்று அவர் ஒரு காரியம் செய்தார். சமையலறை லைனுக்கு வாங்கி வைத்திருந்த பெரிய எம்சிபியை எடுத்துவிட்டு, பத்து ஆம்ஸ் எம்சிபி ஒன்றை மாட்டினார். ஒன்றரை ஒயருக்குப் பத்து சரியான காவல். அந்த எட்டடி சூடாவதற்குள் எம்சிபி விழுந்துவிடும். ஆபத்து இல்லை. பொய் மட்டும்தான் இருந்தது. மூடியின் உள்ளே இருந்த 4 என்ற எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்தார். தேய்த்தால் போய்விடும். தங்கை தேநீரோடு பின்னால் வந்து நின்றாள். மூடியைச் சாத்திவிட்டார். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் ஒயரை இழுத்து முடிக்காமல் அவர் பென்சிலைத் தொட்டதில்லை. அதனால்தான் அந்தப் பென்சில் எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு வந்தது என்று யாருக்கும் தெரியாது.

பதினெட்டு வருஷம் ஓடியது. கெட்டிலும் ரொட்டி வாட்டுகிற பெட்டியும் சேர்ந்து ஓடினாலே தங்கை வீட்டுச் சமையலறை இருட்டாகும்; அவள் நாற்காலி போட்டு ஏறி எம்சிபியைத் தூக்கிவிடுவாள். ஒவ்வொரு முறையும் அண்ணனிடம் கேட்பாள், பெரிதாக மாற்றக் கூடாதா என்று. ஒவ்வொரு முறையும் அவர், "வீட்டுக்குப் பத்தே போதும்மா. அதுதான் நல்லது" என்பார்.

"ஊருக்கெல்லாம் பத்தாது. எனக்கு மட்டும் பத்து போதும். நல்ல அண்ணன் வாய்ச்சான்யா எனக்கு" என்பாள் அவள். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். கை மட்டும் சட்டைப் பையில் எதையோ தேடிக்கொண்டிருக்கும்.

உடைத்து மாற்ற அரை நாள் போதும். அதை அவர் பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். அவர்கள் ஊருக்குப் போயிருக்கும்போது சாவி வாங்கிச் செய்துவிடலாம் என்று ஒருமுறை துணிந்தார். வாசலுக்கு மேலே இப்போது பரண் அடித்து, அதில் பழைய பாத்திரங்களும் குளிர்காலப் போர்வைகளும் அடுக்கியிருந்தன. எல்லாவற்றையும் இறக்கி ஏற்றினால் தெரிந்துபோகும். விட்டுவிட்டார். வருஷம் கூடக் கூட எட்டடி ஒயரைப் பற்றிச் சொல்வது சுலபமாகத்தான் இருந்திருக்கும். எத்தனை வருஷமாகச் சொல்லவில்லை என்பதைத்தான் சொல்ல முடியாமல் போயிற்று.

தங்கை வேலை பார்த்த ஆயத்த ஆடை நிறுவனம் ஒருநாள் கதவைச் சாத்தியது. அவள் ரொட்டி சுட ஆரம்பித்தாள். மேஜை மேல் வைக்கிற சின்ன ஓவனில், ஒரு நேரத்துக்கு இரண்டு ரொட்டி. அது ஓடும்போது வேறு எதையும் போடக் கூடாது. "வெந்நீர் வேணும்னா ரொட்டியைக் கேட்டுட்டுப் போடணும்" என்பார் அவள் கணவர். ரொட்டி என்னவோ நன்றாக இருந்தது. மேலே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு மாதிரி. ஒரு வருஷத்தில் பேர் பரவியது. பக்கத்துத் தெருவில் நர்ஸுகள் தங்கும் விடுதியில், தினமும் காலையில் நாற்பது ரொட்டி தர முடியுமா என்று கேட்டார்கள்.

அவள் முடியும் என்றாள். அண்ணனிடம் சொல்லாமல் பெரிய ஓவன் வாங்கினாள். மூவாயிரத்து இருநூறு வாட். சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும்.

ஓவன் கடையிலிருந்து வந்த மெக்கானிக் கெட்டிக்காரர். மின்பெட்டியைத் திறந்தார், மூடியைத் திருப்பினார், பென்சில் எழுத்தைப் பார்த்தார். பெட்டியில் ஒயரைத் தொட்டுப் பார்த்தார்: நாலு. பிளக் பக்கம் திருகைக் கழற்றிப் பார்த்தார்: நாலு. ஓவனும் அடுப்பும் சேர்ந்து இருபத்து மூன்று ஆம்ஸ் வரும். நாலு ஒயர் தாராளமாகத் தாங்கும். பத்தைக் கழற்றிவிட்டு இருபத்தைந்து மாட்டினார். எந்தத் தேர்வில் கேட்டாலும் அதுதான் சரியான விடை.

பதினொரு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தங்கை அண்ணனுக்குப் போன் செய்தாள். "உடனே வா. ஒண்ணு காட்டணும். என்னன்னு கேக்காதே."

அவர் போனபோது வீடு முழுக்க ரொட்டி மணம். சமையலறையில், அவர் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பிளக் வைத்த அதே இடத்தில், மார்பளவு உயரத்துக்கு ஓவன் நின்றது. உள்ளே மஞ்சள் வெளிச்சத்தில் நாலு தட்டில் ரொட்டிகள் எழும்பிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மின் அடுப்பில் ஏதோ பாத்திரம் கொதித்தது.

"எப்படி?" என்றாள் தங்கை. மாவுக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள். "ரெண்டும் சேந்து ஓடுது. பதினோரு நாளா ஒரு தடவைகூட விழல. நாளைக்குக் காலையில விடுதிக்கு முதல் நாற்பது போகுது. நீ போட்ட லைன்தாண்ணா. நாலு ஒயரை வச்சுக்கிட்டு என்னைப் பத்துல படுக்க வச்சியே இத்தனை வருஷம், அநியாயக்காரா."

ரொட்டி மணத்துக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. மெலிதாக, மீன் கருகுவதுபோல. அது என்ன என்று அந்த வீட்டில் அவருக்கு மட்டும்தான் தெரியும். முக்காலியை எடுத்துப் போட்டார், பரணில் இருந்த இரண்டு போர்வை மூட்டைகளை ஒதுக்கினார், புறங்கையைச் சுவரில் வைத்தார். சூடு. இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். அங்கே வைக்க முடியவில்லை.

இறங்கி நேராக ஹாலுக்குப் போய் மின்பெட்டியைத் திறந்து, இருபத்தைந்தைக் கீழே தட்டினார். சமையலறை இருண்டது. ஓவனின் காற்றாடி முனகி நின்றது.

"அண்ணா! என்ன பண்றே? உள்ள பாதி வெந்துக்கிட்டு இருக்கு!"

"இருக்கட்டும்."

"இருக்கட்டுமா? நாற்பதுல பாதி அதுல இருக்கு! போடு, சுவிட்சைப் போடுண்ணா!"

"சுவர் சுடுதும்மா."

தங்கையின் கணவர் பின்கட்டிலிருந்து ஓடி வந்தார். விஷயம் கேட்டார், சுவரைத் தொட்டுப் பார்த்தார், கையை உதறினார். அவருக்குக் கோபம் சட்டென்று வரும். "நான் அப்பவே நினைச்சேன் மச்சான். அந்தக் கடை ஆளு வந்தான், பத்து நிமிஷத்துல முடிச்சுட்டுப் போயிட்டான். உங்களை ஒரு வார்த்தை கேக்காம மாத்தினான் பாருங்க. விடறதா இல்ல அவனை." அதற்குள் போனை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, அந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டார். "என்னய்யா வேலை பண்ணிட்டுப் போயிருக்கே? வீடு எரிஞ்சிருக்கும்! எங்க மச்சான் வந்தார், பிழைச்சோம்!"

பழைய பத்து ஆம்ஸ் எம்சிபியை மெக்கானிக் வீசாமல் மின்பெட்டியின் மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அது இப்போது இவர் உள்ளங்கையில் இருந்தது. அதைத் திரும்ப மாட்டிவிட்டு, 'நான்தான் அப்பவே சொன்னேனே, பத்தே போதும்னு' என்று சொன்னால் தீர்ந்தது. யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். அவர் பத்தாதுக்காரர்.

போனில் அந்த மனிதர் பதறினார். "சார், சார், ஒரு நிமிஷம். ரெண்டு பக்கமும் திறந்து பாத்துட்டுத்தான் சார் போட்டேன். நாலு ஒயர் சார். மூடியில எழுதியும் இருக்கு. அவர் எழுத்து சார் அது. அவர் எழுத்தைப் பாத்ததுக்கு அப்புறம் நடுவுல வேற என்ன சார் இருக்கும்?"

"என்ன இருக்குமா? உன்னை…"

"மாப்பிள்ளை" என்றார் அவர். "போனை என்கிட்ட குடுங்க."

வாங்கிக்கொண்டார். "நான்தான் பேசறேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க போட்டது சரி. எழுதினவன்தான் தப்பா எழுதிட்டான்." போனை அணைத்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு தங்கையைப் பார்க்காமல், மூடியின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எட்டடி. ஒன்றரை ஒயர். அப்பாவுக்குச் சீரியஸ் என்று ஆள் வந்த சாயங்காலம். அடுத்து வந்த பதினெட்டு வருஷம்.

சொல்லி முடித்தார். ஓவனுக்குள் ரொட்டிகள் அமுங்கிக்கொண்டிருந்தன. கண்ணாடி வழியே தெரிந்தது.

அவர் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தார். பரணைக் காலி செய்துகொடுத்தது மாப்பிள்ளைதான். கால் மணி நேரத்தில் இரண்டு பெட்டிகளும் வெளியே வந்தன. உள்ளே இருந்த சிவப்பு ஒயர் பழுப்பாகி, தொட்டால் ஓடு மாதிரி உதிர்ந்தது. முறுக்கிய இடத்தில் டேப் உருகிக் கருப்பு மெழுகாக வழிந்து உறைந்திருந்தது. அவர் அதை வெட்டி எடுத்துத் தரையில் நீளமாகப் போட்டார். தங்கை கிட்ட வந்து பார்த்தாள். குனிந்து, சாணால் அளக்கிறவள் மாதிரி ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தாள்.

"அப்பா போன துக்கத்துல விட்டுப்போச்சுன்னா எனக்குப் புரியும்ணா" என்றாள். "அது மனுஷனுக்கு வர்றதுதான். ஆனா நான் நாற்காலி போட்டு ஏறி ஏறி சுவிட்சைத் தூக்கினேனே. வருஷக்கணக்கா. ஒவ்வொரு தடவையும் உன்னைக் கேட்டேனே. என் முகத்தைப் பாத்து எப்படிச் சொன்னே, இதுதான் நல்லதுன்னு?"

"நல்லதுதாம்மா அது. அந்த ஒயருக்கு…"

"ஒயரைப் பத்தி நான் கேக்கல."

அவர் உளியைத் துடைத்துப் பையில் வைத்தார்.

அன்று மாலைக்குள், சுவருக்கு வெளியே பிளாஸ்டிக் பட்டை அடித்து அதற்குள் இரண்டு புது லைன் இழுத்தார். ஓவனுக்கு மட்டும் தனியாக நாலு ஒயர், இருபது ஆம்ஸ். அடுப்புக்கு இரண்டரை, பதினாறு. இந்தத் தடவை பட்டையை மூடாமல், தங்கையைக் கூப்பிட்டு முனையிலிருந்து முனைவரை காட்டினார். அவள் வந்து பார்த்தாள். பிறகு புது மாவு பிசையப் போனாள். மறுநாள் காலை விடுதிக்கு முப்பத்திரண்டு ரொட்டிதான் போயிற்று. மீதி எட்டு மதியம் தருவதாகச் சொல்லி, அப்படியே தந்தாள்.

அவர் கிளம்பும்போது வாசல்வரை வந்து கேட்டாள். "இந்த வீட்ல வேற எங்கெல்லாம் இப்படி இருக்கு?"

"வேற எங்கயும் இல்லம்மா. சத்தியமா."

"எப்படி நம்பறது?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். முப்பத்தைந்து வருஷமாக அவர் எழுத்தைத் தவிர வேறு பதில் தேவைப்பட்டதே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஏணியோடு வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை.

"எதுக்கு?" என்றாள்.

"ஒவ்வொரு லைனா வெளிய உருவிக் காட்டறேன். நீ பாத்துக்கோ."

அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று கணவர் எதிர்பார்த்தார். அவள் கதவை முழுசாகத் திறந்துவிட்டாள்.

முதல் ஞாயிறு ஹால். ஒரு முனையில் புது ஒயரைக் கட்டி, மறு முனையிலிருந்து பழையதை உருவினார். பழையது முழுசாக வெளியே வந்து ஹாலில் பாம்புபோல நெளிந்து கிடந்தது. தங்கை அதை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, நூலில் முடிச்சு தேடுகிறவள் மாதிரி, நெடுக நடந்தாள். இணைப்பு இல்லை. ஒரே அளவு. "சரி" என்றாள். அவர் மூடியில் இருந்த பழைய எழுத்தை அழித்துவிட்டு, அதே இடத்தில் அதே அளவைப் புதிதாக எழுதினார். இரண்டாவது ஞாயிறு மோட்டார், குளியலறை. "உங்க வீட்டுக் குளியலறை விளக்கு இன்னும் தொங்குதாமே மச்சான், அதை யார் பாக்குறது?" என்று மாப்பிள்ளை கேட்டார். அன்றுதான் தங்கை முதல் தடவையாகச் சிரித்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது ஞாயிறு மழை. நனைந்துகொண்டே வந்தார். வாசல் விளக்கு, மாடிப்படி. மதியம் அவர் தட்டில் சூடான ரொட்டி இரண்டு துண்டு அதிகமாக விழுந்தது. அவர் இரண்டையும் சாப்பிட்டு முடித்தார்.

நான்காவது ஞாயிறு மிஞ்சியது படுக்கையறை லைன் ஒன்றுதான். மூடியின் உள்ளே எல்லா வரியும் புது எழுத்து. படுக்கையறை என்ற வரி மட்டும் அழித்த இடமாக வெளுத்துக் கிடந்தது. அவர் ஏணியை நிமிர்த்தினார், மெயினை அணைக்கக் கை நீட்டினார். தங்கை அந்தக் கையைப் பிடித்தாள்.

"விடுண்ணா. அது இருக்கட்டும்."

"பாக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"ஒண்ணுதாம்மா பாக்கி. அரை மணி நேரம்."

"வேண்டாம்ணா. சொல்லு, அதுல என்ன போட்டே?"

"ஒன்றரை. முழுசும் ஒரே துண்டு."

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை அவள் உருவிக்கொண்டாள். ஏணியில் இரண்டு படி ஏறி, மூடியைத் திருப்பி, அந்த வெளுத்த இடத்தில் எழுத ஆரம்பித்தாள். அவள் எழுத்து கொஞ்சம் வலப்பக்கம் சாயும்.

"பாக்காம எழுதக் கூடாதும்மா" என்றார் அவர்.

"அதை நீ சொல்றியா?" என்றாள், எழுதுவதை நிறுத்தாமல். "சும்மா நில்லு. ஏணியைப் பிடி."

அதற்குப் பிறகு அவர் மூன்று வருஷம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏணி இல்லாமலும் அந்த வீட்டுக்குப் போய் வந்தார். விடுதிக்கு இப்போது அறுபது ரொட்டி போகிறது. இரண்டாவது ஓவன் வாங்கிய அன்று தங்கை முதல் போனை அவருக்குத்தான் செய்தாள். அவர் வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "காலையில என்ன செய்வே, முதல்ல சொல்லு" என்று கேட்டார்.

அந்த மின்பெட்டி மூடியின் உட்புறத்தில் பத்து வரிகள் இருக்கின்றன. ஒன்பது அவருடையது. ஒன்று, வலப்பக்கம் சாய்ந்தது. படுக்கையறை ஒயரை இன்றுவரை யாரும் உருவிப் பார்க்கவில்லை. அவர் போன மறுவாரம், வீட்டை ஒருமுறை சோதித்துவிடலாமா என்று யாரோ ஒரு எலக்ட்ரீஷியன் நல்லெண்ணத்தோடு கேட்டார். தங்கை மூடியைத் திறந்து காட்டினாள்.

"எல்லாம் பாத்தாச்சு" என்றாள்.